வாலில் உட்கார்ந்த விமானம்

விமானத்தின் மூக்கு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. இடது இறக்கை கையில் இருந்தது. மீதி எங்கே என்று சர்வேயருக்குத் தெரியவில்லை. குனிந்து தேடவும் பயமாக இருந்தது.

நல்லது செய்யப் போய்த்தான் இப்படி ஆனது. மாமனார் கண்புரை அறுவைக்காக மூத்த மகள் இருக்கும் ஊருக்குப் போயிருந்தார், துணைக்கு மாமியாரும். வெள்ளிக்கிழமை புதுக் கண்ணோடு வீட்டுக்குள் நுழையும் மனிதர் முதலில் பார்க்கப்போவது கூடத்து ஷோகேஸைத்தான். அதன் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து வைத்தால், 'மாப்பிள்ளைதான் துடைச்சாரு' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டுக் கதவைத் திறந்தார். துணியின் நுனி விமானத்தின் வாலில் மாட்டியது. துணியை உதறினார். துணி வந்தது, விமானமும் கூடவே வந்தது.

மாமனார் ஜெட் விமானப் பட்டறையில் தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தான் கடைசியாகப் பழுதுபார்த்த போர் விமானத்தின் சின்ன மாடலை, பெட்டியில் துண்டு துண்டாக வருமே, அதை வாங்கி ஒட்டிப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். முழங்கை நீளம்தான். ஆனால் அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை சர்வேயருக்குக் கிடையாது. இவர் வீட்டோடு மாப்பிள்ளை, அது ஷோகேஸோடு விமானம். மாமனார் அதைச் செய்த நாட்களில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தவர் மாமியார் என்பதால், அது அவர்கள் பெற்ற மூன்றாவது பிள்ளை என்றே சொல்லலாம்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன் உடைத்தால் என்ன குடம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

போன் அடித்தது. மாமியார்தான். மாமாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, சுவரில் ஓடும் எறும்புகூடத் தெரிகிறதாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டைப் பெருக்கினாப் போதும் மாப்பிள்ளை. அந்த ஷோகேஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அதை நான் வந்து பாத்துக்கறேன்."

"நான் எதுக்குங்க அத்தை அந்தப் பக்கம் போறேன்" என்றார் சர்வேயர், இறக்கையைக் காதருகே பிடித்தபடி.

பொய் சொல்லித் தப்பிப்பவர்களைப் பிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிற சர்வேயர். 'நிறுத்தி வெச்சிருந்த வண்டிங்க, தானா இடிஞ்சிருச்சு' என்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். கார் கதவை விரலால் தடவி, இது கம்பெனி பெயிண்ட், இது பட்டறையில் அப்பிய இரண்டாவது பெயிண்ட் என்று சொல்லிவிடுவார். இப்போது தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். தானா இடிந்த முகமாகவே இருந்தது.

முதலில் ஒட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வீட்டில் இருந்தது செருப்பு ஒட்டும் அவசரப் பசை. இறக்கையில் வைத்தார், உடம்போடு சேர்த்து அழுத்தினார். இறக்கை உடம்போடு ஒட்டவில்லை, அவருடைய கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக் கூடு, பசையின் ஆவி பட்டு வெள்ளையாக மங்கிப்போனது. மாமனாரின் கண்ணிலிருந்து எடுத்த புரை நேராக இங்கே வந்துவிட்டது.

விரலை விடுவிக்க மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றினார். விரல் வந்தது. ஆனால் அந்தத் திரவம் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பது, இறக்கையின் ஓரம் மெழுகாக ஒழுகிய பிறகுதான் தெரிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். இத்தனைக்கும் நடுவில் தொழில் புத்தி போகவில்லை. இறக்கை சேருமிடத்தில் பெயிண்ட் தடித்திருப்பதையும், அடியில் சின்னதாக ஒரு விரல்ரேகை பதிந்திருப்பதையும் அவர் விரல் கண்டுபிடித்தது. வேறொருவர் வண்டியாக இருந்தால் கற்றுக்குட்டி வேலை என்று எழுதியிருப்பார். மாமனார் வேலை என்பதால், யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிட்டார்.

சோபாவுக்கு அடியிலிருந்து மூக்கை எடுத்தபோது உள்ளே ஏதோ குலுங்கியது. பென்சிலால் நெம்பினார். காய்ந்த பசைக் கட்டியோடு ஒரு மோதிரம் உள்ளங்கையில் விழுந்தது. சிவப்புக்கல் மோதிரம்.

சர்வேயர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மோதிரத்தை அவருக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டது அதிகம். அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், மாமனார் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில், மாமியாரின் விரலிலிருந்து அது காணாமல் போனது. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. மாமியார் ஒரே ஒரு தடவை, 'வீட்டுக்கு வெளியாள்னு யாரும் வரலையே' என்று சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து பீரோச் சாவி இடம் மாறியது. அவர் கூடத்தில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் துணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சொல்லாத பழிக்கு எப்படி மறுப்புச் சொல்வது? பல நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவருக்கு அழுகை முட்டியிருக்கிறது.

இப்போது அது மாமனாரின் விமானத்துக்குள் இருந்து வருகிறது. அப்படியென்றால் எடுத்தவர் மாமனாரா? ஊருக்குப் போகும் முன்பே எடுத்து வைத்திருப்பாரோ? அந்த நினைப்பே அவரை வியர்க்க வைத்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி வேலையிலிருந்து வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. முதலில் விமானத்தைப் பார்த்தாள், பிறகு கணவரின் உள்ளங்கையைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது எப்படிங்க உங்க கையில?"

"கையில இல்லம்மா, மூக்குல இருந்துச்சு." உடைந்த மூக்கைத் தூக்கிக் காட்டினார். "உங்கப்பாதான் வெச்சிருக்கணும்."

"அப்பா எதுக்குங்க அம்மா மோதிரத்தைக் கொண்டுபோய் பிளேனுக்குள்ள வைக்கணும்?"

அவர் மோதிரத்தையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கைப்பையை இறக்கிவைத்தாள். பிறகு, "நான் உங்களை நம்பறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாமியாரின் சந்தேகத்தைவிட அந்தச் சுவர் அவரை அதிகம் வருத்தியது.

மோதிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்த வீட்டில் ஒருவர் திருடராக வேண்டும். மாமனாரா மாப்பிள்ளையா என்று வந்தால் யார் பெயர் வரும் என்பதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைத்துவிடுங்கள், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள். அங்கேயே வைக்கத்தான் அந்த 'அங்கே' இல்லை. இறக்கை ஒழுகி, கண்ணாடி குருடாகிக் கிடந்தது. அதே மாதிரி இன்னொன்று செய்தால்தான் உண்டு.

மாடல் கடையைக் கண்டுபிடித்துப் போனார். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உடைஞ்சிருச்சா சார்?"

"நான் இன்னும் எதுவுமே சொல்லலையே."

"ஆசையா வாங்க வர்றவங்க முகம் வேற சார், அவசரமா வாங்க வர்றவங்க முகம் வேற" என்றபடி ஏணி போட்டு அதே பெட்டியை இறக்கிக் கொடுத்தார். தன் தொழிலை இன்னொருவர் தன் முகத்தின் மேலேயே செய்து காட்டியதில் சர்வேயருக்குக் கொஞ்சம் அவமானம்.

பெட்டியைத் திறந்து சரிபார்த்தபோது, விமானத்தின் எண்ணும் கோடுகளும் அச்சடித்த தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டுவது, அதை மட்டும் காணோம். கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வரவழைத்துத் தானே வீட்டில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி முகவரியை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

ஆபீசுக்கு வயிற்றுக்கோளாறு என்று லீவு சொன்னார். வேலை ஆரம்பித்த பிறகு அது உண்மையாகவே வந்துவிட்டது.

துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்கின. வெட்டினார், தேய்த்தார், ஒட்டினார். உடம்பின் இரண்டு பாதிகளையும் மூடிய பிறகு விமானியின் இருக்கை மேஜை மேல் கிடப்பதைப் பார்த்தார். பிரித்து, வைத்து, மறுபடி மூடினார். பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாம்பல் நிறம் கலந்தார். இரண்டாவது பூச்சு காய நேரமாகிறது என்று மனைவியின் முடி உலர்த்தியை எடுத்து அதன் மேல் காட்டினார். பெயிண்ட் காய்ந்தது, கூடவே வால் துடுப்பு வாடிய இலையாகச் சாய்ந்தது. அதை வெந்நீரில் முக்கி நிமிர்த்தினார். நிமிர்ந்தது, சாம்பல் நிறம் உரிந்தது. மறுபடி அடித்தார்.

இடையிடையே மாமியார் போன் செய்து, ஷோகேஸ் பக்கம் போகவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் போகவில்லை என்றே சொன்னார். அது உண்மைதான், வேலை நடந்தது படுக்கையறையில்.

வியாழக்கிழமை மத்தியானம் சக்கரங்களை ஒட்டி விமானத்தை மேஜையில் நிறுத்தினார். மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் விமானம் மெல்ல மூக்கைத் தூக்கி, வாலை மேஜையில் வைத்து, சோறு கேட்கும் நாயாக உட்கார்ந்துகொண்டது. நிமிர்த்தினார். உட்கார்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி உட்கார்ந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"மூக்குல பாரம் வெச்சீங்களா சார்?"

"என்ன பாரம்?"

"செய்முறைத் தாள்ல படம் போட்டிருக்குமே சார். ஜெட்டுக்குப் பின்பக்கம் கனம். மூடறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள எதையாச்சும் கனமா வெக்கணும், இல்லேன்னா வாலு மேல உக்காந்துக்கும். எல்லாரும் இங்கதான் கோட்டை விடறாங்க. இதே பிளேனுக்குப் பல வருஷம் முன்னாடி ஒருத்தங்க அழாத குறையா போன் பண்ணாங்க."

மூக்குக்குள் மோதிரத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதையே அவர் மறந்து போயிருந்தார். இருக்கைக்காகத் திறந்தபோதுகூட நினைவு வரவில்லை. மோதிரம் சட்டைப் பையில் இருந்தது. அதன் பயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

இருந்தாலும் பாரத்துக்கென்று தங்கத்தை வைக்க மனம் வரவில்லை, முதலில் வேறு ஏதாவது தேடினார். ஈயக்குண்டு மாமனாரின் கருவி அலமாரியில் இருக்கும், ஆனால் அந்த அலமாரிச் சாவி அவர் எங்கே போனாலும் கூடவே போகும். மூக்கைத் திறந்து நட்டு போல்ட்டுகளை வைத்துப் பார்த்தார், மூடவில்லை. நாணயம் நுழையவே இல்லை. கடைசியில் மோதிரத்தை வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. விமானம் மூன்று சக்கரத்தில் நின்றது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பாவம் மாமனார், அவசரத்துக்கு இதைத்தான் வைத்திருக்கிறார், பிறகு சொல்லப் பயந்து மறைத்திருக்கிறார். மாமனாரும் பொண்டாட்டிக்குப் பயந்தவர்தான் என்பதில் சர்வேயருக்கு அவர் மேல் திடீரென்று பாசம் வந்தது. நீங்க கவலைப்படாதீங்க மாமா, இந்த ரகசியம் என்னோடு போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மூக்கை ஒட்டினார்.

பழைய விமானத்தின் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பை வண்டியில் போட்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். ஆதாரம் ஒழிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார். எண் அச்சடித்த தாள் வரவேயில்லை, அதனால் வாலில் எண்ணைக் கையாலேயே எழுதினார். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். மாமியார் உள்ளே நுழைந்ததும் ஷோகேஸைப் பார்த்தார், விமானம் இருந்தது, முகம் தெளிந்தது. மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக ஷோகேஸ் முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"இந்த நம்பரை யாரு எழுதினது?"

அவர் கதவைத் திறந்து, வழக்கப்படி மூக்கில் ஒரு கையும் வாலில் ஒரு கையும் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் வந்தது, உடம்பு வந்தது. மூக்கு மட்டும் அவருடைய இன்னொரு கையில் தனியாக இருந்தது. அதிலிருந்து மோதிரம் விழுந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, மாமியாரின் காலடியில் போய்ச் சுற்றி நின்றது.

வீடே பேயறைந்தாற்போல நின்றது. பிறகு ஒவ்வொரு தலையாகச் சர்வேயர் பக்கம் திரும்பியது.

இனி ஒளிக்க எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். துடைக்கப் போனது, உடைந்தது, உள்ளே மோதிரம் இருந்தது, புதிதாகச் செய்து திரும்ப வைத்தது. "தப்பா நெனைக்கலைங்க மாமா, நீங்க அவசரத்துக்கு வெச்சிருப்பீங்கன்னு..." என்று அந்தப் பாசத்தோடேயே முடித்தார்.

மாமனாரின் முகம் சிவந்தது. "நான் வெச்சது ஈயக்குண்டு. என் கையால வெச்சு ஒட்டினேன். பிளேன் மூக்குல தங்கத்தை வெக்கிறவன் மெக்கானிக்கே இல்ல. எங்க அந்தப் பழைய துண்டுங்க? காட்டுங்க."

"குப்பையில போட்டுட்டேன்."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. இந்தக் கதையை ஒருவன் ஆபீசில் வந்து சொல்லியிருந்தால், பாதியிலேயே எழுந்து போகச் சொல்லியிருப்பார். மனைவியைப் பார்த்தார். நீயாவது சொல் என்று கண்ணால் கேட்டார். மோதிரத்தை அவள் பார்த்ததே அவர் கையில்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

மாமியார் மட்டும் கோபப்படவில்லை. குனிந்து மோதிரத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, விரலில் போட்டுக்கொண்டார்.

"போனது போகட்டும் விடுங்க. பொருள்தான் கெடைச்சிருச்சில்ல. மாப்பிள்ளை ஏதோ சின்ன வயசுல தெரியாம செஞ்சுட்டாரு. நான் மன்னிச்சுட்டேன். இதை இத்தோட விட்டுடலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மன்னிப்பு அவரை அடியோடு சாய்த்தது. இத்தனை வருஷம் சந்தேகமாக இருந்தது இப்போது தீர்ப்பாகிவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்தபோது வாசல் மணி அடித்தது.

அவரே போய்க் கதவைத் திறந்தார். எண் அச்சடித்த தாளைக் கையில் பிடித்தபடி மாடல் கடைக்காரர் நின்றிருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல சர்வேயர் வாயைத் திறக்காமல், போய்விடுங்கள் என்று கையால் மட்டும் சைகை காட்டினார். கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்வை சர்வேயரின் தோளைத் தாண்டிக் கூடத்துக்குள் போயிருந்தது. முகம் மலர்ந்தது.

"அட, நீங்களாம்மா? அன்னைக்கு இதே பிளேன் பெட்டியை வாங்கிட்டுப் போயி, வீட்டுக்காரர் ஊர்லேருந்து வர்றதுக்குள்ள எப்படியாச்சும் நிக்க வெக்கணும்னு அழாத குறையா போன் பண்ணீங்களே, கடைசில அந்த பிளேன் மூக்குல என்னத்தைத்தான் வெச்சீங்க?"